அரசி மீனாட்சி: கதையும் வரலாறும்

ஓர் அரசகுலம் வீழ்ந்த செய்தியைக் கேட்டால் மனித உள்ளம் உருகுகிறது. அக்குலத்தார் நல்லாட்சி புரிந்தனரா, கொடுங்கோல் செலுத்தினரா என்னும் ஆராய்ச்சி பின்னரே எழுகிறது. முதலில் எழுவது இரக்கம். அந்த இரக்கத்திலிருந்து கதை பிறக்கிறது. கதை பிறந்தபின் அதைப் படித்தவர்களிடையே வாதம் பிறக்கிறது. "இப்படித்தான் நடந்ததா? நடவாததை நடந்ததாக எழுதலாமா?" என்று ஒருவர் கேட்பார். "கதைதானே, சுவைத்துவிட்டுப் போங்கள்" என்பார் மற்றொருவர். இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை நம் திருச்சிராப்பள்ளியின் வரலாற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இன்று என் பேச்சின் நோக்கம். மதுரை நாயக்கர் மரபின் இறுதி அரசியாய்த் திருச்சியில் வீற்றிருந்து ஆண்ட மீனாட்சியின் கதையே அப்பகுதி.

கதையை முதலில் மக்கள் சொல்லும் வண்ணமே கூறிவிடுகிறேன். கணவனை இழந்த மீனாட்சி திருச்சிக் கோட்டையிலிருந்து அரசு செலுத்தி வந்தார். அரசுரிமை தனக்கே என்று உறவினர் ஒருவர் பகைத்து நின்றார். அவ்வேளை ஆற்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாகிபு படையுடன் வந்து சேர்ந்தார். "உங்களைக் காப்பேன், ஒரு தீங்கும் செய்யேன்" என்று திருக்குர்ஆன்மீது ஆணையிட்டுச் சத்தியம் செய்தார். அரசி நம்பினார், கோட்டைக் கதவு திறந்தது. ஆனால் அன்று பொன்னிழைத்த பட்டுத் துணிக்குள் மறைநூல் இல்லை. ஒரு செங்கல்தான் இருந்தது! உள்ளே புகுந்த சந்தா சாகிபு அரசியை அவருடைய அரண்மனையிலேயே சிறைவைத்தார். வஞ்சிக்கப்பட்டதை உணர்ந்த அரசி நஞ்சுண்டு உயிர் நீத்தார். 1529-ஆம் ஆண்டையொட்டி விசுவநாத நாயக்கர் தோற்றுவித்த அரசு, இரண்டு நூற்றாண்டு நிலவிய அரசு, அத்துடன் முடிந்தது.

கேட்ட மாத்திரத்தில் உள்ளத்தில் பதியும் கதை இது. வஞ்சகம், வாக்குறுதி, பெண்ணின் துயரம், நஞ்சு என்று ஒரு நாடகத்திற்கு வேண்டியவை யாவும் இதில் அமைந்துள்ளன. இனி, ஏடுகளையும் கடிதங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தோர் கூறுவது யாது என்று காண்போம்.

மீனாட்சியின் கணவர் விசயரங்க சொக்கநாத நாயக்கர். இவர் 1706 முதல் 1732 வரை ஆண்டவர். பெரும் பக்தர். திருவரங்கம் கோயிலுக்கு இவர் அளித்தவை பல. நாயக்க மன்னரும் அரசியரும் கைகூப்பி நிற்கும் தந்தச் சிலைகளைத் திருவரங்கம் கோயிலின் அருங்காட்சிச் சாலையில் கண்டிருப்பீர்கள். கைசிக ஏகாதசியன்று புராணம் படித்து முடிந்தபின் தாமதமாக வந்து சேர்ந்த இம்மன்னர், அடுத்த ஆண்டு அதே நாள் வரும்வரை திருவரங்கத்திலேயே தங்கிக் காத்திருந்து கேட்டார் என்பது கோயில் வட்டாரத்தில் வழங்கும் செய்தி. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆயினும் ஒரு மன்னன் ஓராண்டு தலைநகரின் அலுவலை விட்டிருந்தால் நாடு என்னவாகும் என்ற கேள்வி வரலாறு படிப்பவனுக்கு எழாமல் இருக்குமா?

நாடு நலிந்துதான் இருந்தது. 1709-இல் பெருவெள்ளமும் அதன்பின் பஞ்சமும் மக்களை வாட்டியதைக் கிறித்தவப் பாதிரிமார் தம் நாட்டிற்கு எழுதிய கடிதங்கள் உரைக்கின்றன. கோயில்களுக்கும் மடங்களுக்கும் வாரி வழங்கியதில் கருவூலம் இளைத்தது. அமைச்சர்கள் தம் பையை நிரப்பினர். படைவீரருக்குச் சம்பளம் நிலுவையாகிக் கலகம் மூண்டது. இவற்றோடு ஆண்டுதோறும் வடக்கே செலுத்தவேண்டிய திறைப்பணமும் சேர்ந்துகொண்டது. இந்நிலையில் 1732-இல் மன்னர் மகப்பேறின்றி மறைந்தார்.

மீனாட்சி ஏற்றது இத்தகைய அரசை. அவர் விசயகுமாரன் என்னும் சிறுவனைத் தத்தெடுத்து, அவன் பெயரால் ஆட்சியை நடத்தலானார். அச்சிறுவனின் தந்தை பங்காரு திருமலை. "மகனுக்கு உரிய அரசு தந்தையாகிய எனக்கே உரியது" என்பது போல அவர் எழுந்தார். தளவாய் வேங்கடாசாரியாரும் அவர் பக்கம் சேர்ந்தார். ஒரே கோட்டைக்குள் இரு கட்சிகள். பெற்ற தந்தை ஒரு புறம், தத்தெடுத்த தாய் மறு புறம். இடையில் ஒன்றும் அறியாத ஒரு பிள்ளை.

1734-இல் ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி கான், திறை வசூலிக்கும் பொருட்டுத் தம் மகன் சப்தர் அலியையும் மருமகன் சந்தா சாகிபையும் தெற்கே அனுப்பினார். வழக்கைத் தீர்த்துவைக்குமாறு பங்காரு திருமலை சப்தர் அலியை அணுகினார். சப்தர் அலி பங்காரு திருமலைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அதை நிறைவேற்றும் பொறுப்பைச் சந்தா சாகிபிடம் விட்டுச் சென்றார். அரசி என்ன செய்வார்? எதிரியின் பக்கம் மகன் நின்றால், நமக்கு மருமகன்தானே எஞ்சியிருக்கும் துணை? சந்தா சாகிபுக்கு ஒரு கோடி ரூபாய் தருவதாக உடன்பாடு செய்துகொண்டார் என்று மரபு கூறுகிறது. சத்தியம் செய்த கதை இந்த இடத்தில்தான் வருகிறது. 1736-இல் சந்தா சாகிபு மீண்டும் வந்தார், கோட்டைக்குள் ஏற்கப்பட்டார், அரசியின் பெயரால் திண்டுக்கல், மதுரைப் பக்கம் படை செலுத்திப் பங்காரு திருமலையை முறியடித்தார். அவர் சிவகங்கைச் சீமைக்கு ஓடி ஒளிந்தார். பகைவன் ஒழிந்ததும் அரசியின் தேவையும் ஒழிந்தது. அதன்பின் சிறையும் நஞ்சும். அரசி மாண்ட ஆண்டை ஆசிரியர்கள் ஒரே படியாகக் கூறுவதில்லை. 1736 என்பாரும், அதற்கு ஓரிரு ஆண்டு பின் என்பாரும் உளர்.

இவ்விரு கூற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செங்கல் கதையில் மீனாட்சி ஒரு பேதை; துணிக்குள் இருப்பதை அவிழ்த்துப் பார்க்காமல் ஏமாந்தவர். ஏடுகள் காட்டும் மீனாட்சியோ, கருவூலத்தில் பொருளின்றி, படையில் ஒற்றுமையின்றி, தளவாயும் கைவிட்ட நிலையில், எதிர்த்தரப்பில் இருந்த ஒரேயொரு பிளவைக் கண்டு அதைப் பயன்படுத்த முயன்றவர். முயற்சி தோற்றது. தோற்றவர் யாவரும் பேதையர் ஆவரோ? செங்கல் என்ற ஒரு பொருளை நினைவில் வைத்துக்கொண்ட நாம், முப்பது ஆண்டு நலிவை மறந்துவிட்டோம். அந்த அரசு சரிந்ததற்குச் சந்தா சாகிபின் வஞ்சகம் இறுதிக் காரணம். ஒரே காரணம் எனக் கூறுவது கதைக்குப் பொருந்தும், வரலாற்றுக்குப் பொருந்தாது.

இதனினும் வருந்தத்தக்க கற்பனை ஒன்றும் உண்டு. அரசி சந்தா சாகிபின்பால் காதல் கொண்டு கோட்டையைத் திறந்துவிட்டார் என்று ஆங்கிலேயர் சிலர் எழுதிவைத்தனர். ஒரு பெண் அரசியல் முடிவு ஒன்றை எடுத்தால் அதற்குக் காதலைத் தவிர வேறு காரணம் இருக்கக்கூடாதா? மாண்டவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார். ஆகவே அவர் சார்பில் சான்று கேட்கவேண்டிய கடமை படிப்பவராகிய நம்மைச் சார்கிறது.

கதை தன் இலக்கணத்திற்கு ஏற்ப வரலாற்றை எப்படி வளைக்கிறது என்பதற்குச் சந்தா சாகிபின் முடிவே நல்ல எடுத்துக்காட்டு. அவர் திருச்சியில் நெடுநாள் நிலைக்கவில்லை. 1741-இல் இரகூஜி போன்சலேயின் மராத்தியப் படை கோட்டையைப் பிடித்து அவரைச் சதாராவுக்குச் சிறைகொண்டு போயிற்று. விடுதலை பெற்று மீண்டு, பிரெஞ்சுக்காரரின் துணையோடு 1751-இல் திருச்சியை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் முகம்மது அலியும் அவருக்குத் துணையாக ஆங்கிலேயரும் இருந்தனர். முற்றுகையிட்டவர்களே 1752-இல் திருவரங்கத் தீவுக்குள் முற்றுகைக்கு ஆளாயினர். பிரெஞ்சுத் தளபதி லா அங்கே சரணடைந்தார். தப்பிப் போக வழிசெய்வதாக வாக்களித்த தஞ்சைத் தளபதி மானாஜியை நம்பிச் சென்ற சந்தா சாகிபு சிறைபிடிக்கப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டார்.

வாக்கை மீறியவர் மற்றொருவர் வாக்கை நம்பி மாண்டார். இது நடந்த உண்மை. ஆனால் கதை இவ்வளவில் நிறைவடையவில்லை. மீனாட்சிக்குப் பொய்ச்சத்தியம் செய்த அதே மண்டபத்திலேதான் அவர் கொல்லப்பட்டார் என்று சிலர் எழுதினர். எவ்வளவு அழகான பொருத்தம்! இவ்வளவு அழகாகப் பொருந்துவதே நம்மைச் சற்று நின்று எண்ணச் செய்யவேண்டும். அறம் தவறியவனுக்கு அதே இடத்தில் தண்டனை கிட்டவேண்டும் என்பது கேட்பவர் உள்ளத்தின் வேட்கை. அவ்வேட்கை தனக்கு வேண்டிய மண்டபத்தைத் தானே கட்டிக்கொள்ளும். மற்றொன்றையும் கவனியுங்கள். ஆணையை மீறியவரின் சமயத்தைச் சுட்டிக்காட்டியே செங்கல் கதையைச் சொல்வோர் உளர். மானாஜி எந்தச் சமயத்தார் என்று அவர்கள் கேட்பதில்லை. அக்காலத்து அரசியலில் வாக்கு தவறுதல் எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுரிமையாக இருந்ததில்லை.

மீனாட்சிக்கு முன் இதே கோட்டையிலிருந்து ஆண்ட இராணி மங்கம்மாளையும் கதை விட்டுவைக்கவில்லை. இவர் விசயரங்க சொக்கநாதரின் பாட்டி. பேரன் குழந்தையாக இருந்த காலத்தில், 1689 முதல் 1706 வரை, அரசை நடத்தியவர். முகலாயர் வலிமையை அளந்தறிந்து, திறை செலுத்தியே நாட்டைப் போரினின்று காத்தவர். சாலைகள் அமைத்தவர், சத்திரங்கள் கட்டியவர். இவ்வளவும் சொன்னாலும் மக்கள் நினைவில் முன் நிற்பவை இரண்டு கதைகள். அறியாமல் இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்ட குற்றத்திற்குக் கழுவாயாகவே அறம் பல செய்தார் என்பது ஒன்று. பேரனால் சிறையிடப்பட்டு, கண்ணெதிரே உணவை வைத்து எட்டாதபடி செய்ததால் பட்டினி கிடந்து மாண்டார் என்பது மற்றொன்று. பதினேழு ஆண்டு அரசியல் அறிவு ஒரு வெற்றிலைக்குள் அடங்கிவிட்டது! நம் நகரிலேயே பாருங்கள்: அரசு அருங்காட்சியகம் அமைந்துள்ள கொலுமண்டபத்தைக் கட்டியவர் அவர் கணவர் சொக்கநாத நாயக்கர். நாம் அதனை 'இராணி மங்கம்மாள் மகால்' என்றே அழைக்கிறோம். கதை ஒருவரிடமிருந்து பறிப்பதும் உண்டு. ஒருவருக்குக் கொடுப்பதும் உண்டு.

இவற்றைப் பகுத்துப் பார்க்கும் வேலையைச் செய்தவர்களுள் நம் ஊரோடு தொடர்புடைய ஒருவர் ஆர். சத்தியநாதையர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கியவர். மதுரை நாயக்கர் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. பாதிரிமார் கடிதம், உள்நாட்டுச் சுவடி, கல்வெட்டு, ஐரோப்பியர் எழுதிய வரலாறு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று உரைத்துப் பார்த்து, எது எவ்வளவு தாங்கும் என்று எடைபோடும் முறையை அந்நூலில் காணலாம்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இரஷ்யாவின் கடைசி அரசகுலமான ரொமானவ் குலத்தின் கதையைப் பாருங்கள். 1917-இல் புரட்சியால் அரியணை இழந்த இரண்டாம் நிக்கலாஸ் மன்னரும், அரசியும், நான்கு பெண்மக்களும், நோயுற்ற மகனும், நான்கு ஊழியருமாகப் பதினொருவர் 1918 ஜூலை 17 அதிகாலையில் எகாத்தரின்பர்க் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். உடல்கள் மறைக்கப்பட்டன. உடல் கிட்டாத இடத்தில் கதை முளைத்தது. இளைய பெண் அனஸ்தாஸியா தப்பிப் பிழைத்தாள் என்றனர். 1920-இல் பெர்லின் நகரில் கால்வாயிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண், தானே அனஸ்தாஸியா என்று பின்னர் சொல்லிக்கொண்டு 1984-இல் மறையும்வரை பலரை நம்பவைத்தார். நாவல்களும் நாடகங்களும் திரைப்படங்களும் தொடர்ந்தன. அரசியின் நம்பிக்கைக்குரியவரான ரஸ்புதினை மந்திரவாதியாக்கி, மாயமும் மந்திரமும் கலந்து எழுதினோரும் உண்டு. 1991-இல் ஒன்பது பேரின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன; எஞ்சிய இருவருடையவை 2007-இல் கிடைத்தன. மரபணுச் சோதனை, ஒருவரும் தப்பவில்லை என்று நிறுவியது. பெர்லின் பெண் அக்குலத்தவர் அல்லர் என்பதையும் காட்டியது.

உண்மை வெளிப்பட்ட பின்னும் அக்கதைகள் படிக்கப்படுகின்றன. அவற்றைப் படிப்போரிடம் எழும் கருத்துகளும் செங்கல் கதையைக் கேட்போர் கருத்துகளும் ஒத்தே இருக்கின்றன. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

"கதை இல்லாவிடில் இந்த வரலாற்றுப் பக்கமே நான் திரும்பியிருக்கமாட்டேன்" என்பது முதல் கருத்து. இதில் உண்மை உண்டு. தமிழ்நாட்டில் எத்தனை பேர் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தபின் தஞ்சைக்கும் பழையாறைக்கும் சென்றனர்! ஆதித்த கரிகாலன் கொலையுண்டதற்குச் சான்று உடையார்குடிக் கல்வெட்டு. அதில் சோழ இளவரசனைக் கொன்ற துரோகிகளாகச் சகோதரர் சிலரின் பெயர்களும், அவர்தம் சுற்றத்தாரின் நிலங்கள்பற்றிய அரசாணையும் உள்ளன. கொலையின் காரணத்தைக் கல்வெட்டு கூறவில்லை. அந்த மௌனத்தில்தான் கல்கி தம் நந்தினியைப் படைத்தார். நந்தினி அவர் கற்பனை. அவளை மெய்யாக வாழ்ந்தவள் என்று நம்பும் வாசகரை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். அது படைப்பாற்றலுக்குக் கிடைத்த வெற்றி. படிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை.

"மாண்டவர் துயரத்தை வைத்து விளையாடலாகாது" என்பது இரண்டாம் கருத்து. கொல்லப்பட்ட குழந்தையைப் பிழைக்கவைப்பதும், நஞ்சுண்ட அரசிக்குக் காதலைக் கட்டுவதும் அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்பர் இக்கருத்தினர். இதற்கும் நான் தலைவணங்குகிறேன். ஆயினும் கற்பனையே கூடாது என்ற அளவுக்குப் போகமாட்டேன். சான்று பேசாத இடத்தில் ஆசிரியன் பேசலாம். சான்று தெளிவாகப் பேசும் இடத்தில் அதை மறித்துப் பேசினால், 'இது என் கற்பனை' என்று சொல்லிவிடும் நேர்மை அவனுக்கு வேண்டும்.

மூன்றாவது கருத்துத்தான் என்னை நெடிது சிந்திக்க வைப்பது. "அரசர் வீழ்ந்ததற்கு அழுகிறோமே, அவர்கள் கீழ் வாழ்ந்த மக்களுக்கு யார் அழுதார்?" என்று கேட்போர் உளர். ஜார் மன்னனின் வீழ்ச்சியைப் பாரதியார் கொடுங்கோன்மையின் வீழ்ச்சியாகக் கண்டு மகிழ்ந்து பாடினார். அவர் பாடியபோது அக்குழந்தைகள் இன்னும் கொல்லப்படவில்லை. கொடுங்கோன்மை வீழ்ந்ததற்கு மகிழ்வதும், குழந்தைகள் கொல்லப்பட்டதற்கு வருந்துவதும் ஒரே நெஞ்சில் அடங்கக்கூடியவையே. அவ்வாறே மீனாட்சிக்கு இரங்கும் நாம், 1709-இன் வெள்ளத்தில் அழிந்த உழவனுக்கும், சம்பளம் காணாத படைவீரனுக்கும், முற்றுகை நாள்களில் திருச்சியிலும் திருவரங்கத்திலும் பசித்துக் கிடந்த குடிமக்களுக்கும் இரங்கவேண்டாமா? அவர்கள்மேல் கதை எழவில்லை. ஆகையால் இரக்கமும் எழவில்லை. கதையின் குறைகளுள் பெரியது, அது பொய் சொல்வதன்று. தான் சொல்லாது விடுபவரை நாம் மறக்கும்படி செய்வதே ஆகும்.

மாணவர்களாகிய உங்களுக்கு நான் கூறுவது இதுதான். வரலாற்றுக் கதைகளைத் தாராளமாகப் படியுங்கள். படிக்கும்போது கண்ணீர் வந்தால் வெட்கப்படவேண்டாம். படித்து முடித்தபின் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார்? இதில் பேசாதவர் யார்? செங்கல் கதையிடம் இக்கேள்விகளைக் கேட்டால் அது சிறிது தளர்ந்து போகும்; மீனாட்சியோ வளர்ந்து நிற்பார்.

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால் ஒரு புறம் பழைய கோட்டைப் பகுதியும், மறு புறம் காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துக் கோபுரங்களும் தெரியும். ஓர் அரசி நம்பிய இடமும், அவரை ஏமாற்றியவர் முற்றுகைக்கு ஆளான தீவும் அந்த ஒரே பார்வையில் அடங்கும். அங்கே நீங்கள் நிற்கும்போது உங்கள் அருகில் யாரேனும் செங்கல் கதையைச் சொன்னால் அவரைத் தடுக்காதீர்கள், முழுவதும் சொல்லவிடுங்கள். அவர் முடித்தபின், கருவூலம் காலியான கதையையும், தந்தைக்கும் தத்தெடுத்த தாய்க்கும் இடையே நின்ற சிறுவனின் கதையையும் நீங்கள் சொல்லுங்கள்.